கொட்டாங்கச்சியும் கொலுமண்டபமும்

இசைக் கருவிகளைப் பற்றி எழுதப் புகுவோர் கருவியின் உடலைப் பற்றியே மிகுதியும் எழுதுவர். குடத்தின் அகலம் எவ்வளவு, தண்டின் நீளம் எவ்வளவு, நரம்பு எத்தனை, மெட்டு எத்தனை என்று அளந்து காட்டுவர். கருவியைப் படைத்தது எந்தக் கடவுள் என்று கதை சொல்வாரும் உளர். ஆயின், கைக்கும் நரம்புக்கும் இடையே நின்று ஒலியைப் பிறப்பிக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேசுவோர் அரியர். கிட்டார் வாசிப்போர் அதனைப் 'பிக்' என்பர். சிதார் வாசிப்போர் 'மிஸ்ராப்' என்பர். சரோத் வாசிப்போர் 'ஜவா' என்பர். நரம்பை மீட்டப் பயன்படுவதாகலின், இக்கட்டுரையில் அதனை 'மீட்டி' என்றே வழங்குவோம்.

கட்டைவிரல் அகலமே உடைய இம்மீட்டியை மனிதன் எவற்றால் செய்தான் என்று நோக்கின் வியப்பு மேலிடுகிறது. பருப்பைத் துருவியபின் எறிந்த தேங்காய் ஓடு, உதிர்ந்து கிடந்த இறகு, செத்த எருமையின் கொம்பு, கடலாமையின் ஓடு, சட்டைப் பையில் கிடந்த சில்லறைக் காசு, வளைத்து முறுக்கிய இரும்புக் கம்பி ஆகிய இவையே உலகின் பெரும் இசைவாணர் கைகளில் ஏறியவை. பெரும்பாலும் அடுக்களையிலும் மாட்டுக் கொட்டிலிலும் கடைத்தெருவிலும் கிடைத்தவை.

இவ்வரலாற்றை நாம் ஆராய முற்படுவது வெறும் வேடிக்கைக்காக அன்று. பொருள்களைத் தூயவை என்றும் தீட்டுடையவை என்றும் பிரித்து, அவற்றைத் தொடும் மக்களையும் அவ்வாறே பிரித்த சமுதாயம் நம்முடையது. அப்பிரிவினைக்கு இயற்கையில் ஆதாரம் உண்டா, கலையில் ஆதாரம் உண்டா என்பதை ஒரு மீட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே ஆராய்ந்துவிடலாம்.

ஆயனின் வில்யாழ்

தமிழரின் பழைய நரம்புக் கருவி யாழ். அதன் இளமைக் கோலத்தை அறிய நமக்குப் பெரும்பாணாற்றுப்படை உதவுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துப் பாடிய அந்நூலில் ஓர் ஆயன் வருகிறான். ஆனிரை மேய்க்கும் அவன், தீக்கடைகோலால் சுட்டுத் துளையிட்ட குழலை ஊதுகிறான். அது சலித்தபின், உள்ளே துளையுடைய குமிழ மரக் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, விரலால் தெறித்துக் குறிஞ்சிப் பண்ணை இசைக்கிறான்.

இக்காட்சியைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறோம். காட்டுக் கொம்பு தண்டாயிற்று. காட்டு நார் நரம்பாயிற்று. மாடு மேய்த்தவன் விரலே மீட்டியாயிற்று. அவனுக்கு அரங்கம் இல்லை, ஆசான் இல்லை, வரம் தந்த தெய்வமும் இல்லை. யாழின் எளிய முன்னோன் ஓர் உழைப்பாளியின் ஓய்வு நேரத்தில், அவன் கைக்கு எட்டிய பொருளால் உருவானதைப் புலவர் மறைக்கவில்லை, மகிழ்ந்தே பாடினார்.

பின்னர் யாழ் வளர்ந்தது. நரம்புகள் பெருகின, உடலின்மேல் தோல் போர்க்கப்பட்டது, விரலின் தொழிலும் ஒரு தனிக்கலையாயிற்று. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என எட்டு இசைக்கரணங்களைச் சிலப்பதிகாரம் வகுத்துக் கூறுகிறது. இவையெல்லாம் நரம்பின்மேல் விரல் செய்யும் வேலையின் பெயர்கள். வழக்கொழிந்துபோன அக்கலையைப் பழைய நூல்களிலிருந்து மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்த விபுலாநந்த அடிகள், தம் ஆராய்ச்சியை 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' என்னும் பெயரால் வெளியிட்டார்.

வேறு வாயில்

அக்கலையைக் காத்து வளர்த்தவர் பாணர். சங்க காலத்து மன்னர் அவர்களுக்குப் பொற்றாமரை சூட்டினர். சில நூற்றாண்டுகள் சென்றபின் அவர்கள் நிலை என்னவாயிற்று? ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதையைப் பெரியபுராணத்தில் காண்கிறோம். மதுரைக் கோயிலின் வாயிலில் நின்றே அவர் யாழ் வாசித்தாராம். இறைவன் அடியார்களுக்கு ஆணையிட்ட பின்னரே உள்ளே அழைத்துச் செல்லப்பட்டாராம். தரையின் ஈரம் யாழைக் கெடுக்காதிருக்கப் பொற்பலகை இட்டார்களாம். திருவாரூரிலோ, அவர் உள்ளே புகுவதற்கென வடபுறத்தில் வேறு ஒரு வாயில் வகுக்கப்பட்டதாம்.

ஆணையையும் பலகையையும் நம்புவோர் நம்புக. வரலாற்றை நாடுவோர்க்கு அக்கதையில் வேறொரு செய்தி உண்டு. ஊரெல்லாம் புகழ்ந்த இசைவாணர் வாயிலில் நின்றார். அவர் உள்ளே நுழைவதற்குக் கடவுளின் தனி ஆணை வேண்டியிருந்தது. ஆணை வந்த பின்பும் மற்றவர் புகும் வாயில் அவருக்கு ஆகவில்லை. வேறு வாயில் வேண்டியிருந்தது. அவருடைய விரல் எழுப்பிய ஒலி தடையின்றிக் கருவறை வரை சென்றது. விரலுக்கு உரியவரோ வெளியே நின்றார்!

யாழ் மறைந்ததற்குக் காரணம் பல கூறுவர். வீணையின் வளர்ச்சி ஒரு காரணம் என்பர். கருவியைக் காத்தவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்திய நாட்டில் அக்கருவி எத்தனை நாள் வாழும் என்பதையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ணுமாறு வேண்டுகிறோம்.

வீசுகோல்

யாழ் மறைந்தாலும் வில் முற்றும் மறைந்துவிடவில்லை. குமரியிலும் நெல்லையிலும் அது வில்லுப்பாட்டுக் கருவியாக இன்றும் வாழ்கிறது. பனை மரத்தால் செய்த நீண்ட வில், மாட்டுத் தோலை முறுக்கிக் கட்டிய நாண், வில்லில் தொங்கும் மணிகள், வில்லைத் தாங்கும் மண்குடம், இவ்வளவே கருவி. பாட்டுக்குத் தலைமை தாங்குபவர் இரு கோல்களை ஏந்தி நாணை அடித்து ஒலி எழுப்புவார். அவற்றுக்கு வீசுகோல் என்று பெயர். ஆயன் விரலால் தெறித்த வில்லை இவர் கோலால் அடிக்கிறார். மீட்டி மாறியது; பனையும் தோலும் மண்ணும் ஆகிய எளிய பொருள்கள் மாறவில்லை.

அந்நாணின் ஒலியோடு பாடப்படும் கதைகளுள் முத்துப்பட்டன் கதை ஒன்று. தோல்தொழில் செய்யும் குடியில் பிறந்த இரு பெண்களை மணந்து, அவர்களுக்காகத் தானும் அத்தொழிலை மேற்கொண்ட அந்தணன் ஒருவனின் கதை அது. மாட்டுத்தோல் நாணைத் தட்டி அக்கதையைப் பாடுவதைக் காட்டிலும் பொருத்தமானது வேறு என்ன இருக்கிறது? நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) இளமையில் வில்லுப்பாட்டு மேடையில்தான் தம் கலையைத் தொடங்கினார். பின்னர்த் திரைப்படத்தில் மூடப்பழக்கங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சாடிய அவர்க்கு அம்மேடையே முதற்பள்ளி.

நகமும் கம்பியும்

இனி வீணைக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், அசையாத 24 மெட்டுகளோடு வீணை இன்றைய உருவம் பெற்றது என்பது மரபு. பலாமரத்தைக் குடைந்து குடம் செய்வர். மெழுகுப் படுக்கையின்மேல் பித்தளை மெட்டுகளைப் பதிப்பர். தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பெருமை பரம்பரை பரம்பரையாக உளி பிடித்த கைகளைச் சேரும்.

வீணையை மீட்டுவது வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும். சுண்டுவிரல் பக்கத்திலுள்ள தாளத் தந்திகளைத் தட்டும். விரல் நகமே இங்கு மீட்டி. ஆயின் நகம் தேயும்; எஃகுத் தந்தியோடு நாள்தோறும் போரிட்டால் ஒடியும். ஆகவே கம்பியை வளைத்து விரலில் மாட்டிக்கொண்டு வாசிப்போர் பலர். வடநாட்டுச் சிதாரிலோ அக்கம்பி மீட்டி இன்றியமையாததே ஆகிவிட்டது.

வீணை கலைமகளின் கையில் உள்ளது என்று சொல்லி, அதற்குப் பூச்சூட்டி வணங்குகிறோம். அப்படங்களில் கலைமகளின் விரலில் இக்கம்பியை வரையக் காணோம்! தெய்வத்தின் நகம் தேயாது போலும். தேயும் நகத்தை உடைய மனிதர்க்கோ கம்பி இழுத்தவனும், அதனைக் குறட்டால் வளைத்தவனும் துணை நிற்க வேண்டியிருக்கிறது. ஆயுத பூசையன்று கருவிக்குப் பொட்டு வைக்கிறோம். அக்கருவியைச் செய்தவனை எங்கே உட்கார வைத்தோம் என்று கேட்டால் விடை கூற நாணுவோம்.

தேங்காய் ஓடு

சரோத் என்பது வடநாட்டின் தலைசிறந்த நரம்புக் கருவிகளுள் ஒன்று. ஆப்கானியரின் ரபாப் என்னும் கருவியிலிருந்து அது வளர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. அதன் வயிற்றில் போர்த்தியது ஆட்டுத் தோல். அதன் கழுத்தில் பதித்தது மெட்டுகள் இல்லாத எஃகுத் தகடு. அதனை மீட்டும் ஜவா எதனால் ஆனது? தேங்காய் ஓட்டால் ஆனது! ஆம், நாம் கொட்டாங்கச்சி என்றும் சிரட்டை என்றும் கூறி அடுப்பில் எறிகிறோமே, அதே ஓடுதான்.

நன்கு முற்றிய தேங்காயின் ஓட்டை மூன்று மூலையாக அறுத்து, இரு புறமும் தேய்த்து மெருகேற்றி ஜவாவைச் செய்கின்றனர். மரம், கொம்பு, எலும்பு ஆகியவற்றாலும் செய்வதுண்டு. இக்காலத்தில் பிளாஸ்டிக்காலும் செய்கின்றனர். எனினும் தேங்காய் ஓட்டின் மதிப்பு குறையவில்லை. காரணம் இயற்கையின் விதியே. மென்மையான விரற்சதை நரம்பைத் தொட்டு விடும்போது, நரம்பு வளைந்த நிலையில் மழுங்கி நிற்கிறது; ஆகவே அடிப்படை ஒலி மிகுந்து இனிமையும் மந்தமும் தோன்றுகின்றன. கூரிய வன்பொருளால் தெறித்தால் நரம்பு கூர்முனையாக வளைந்து விடுபடுகிறது. ஆகவே உச்ச ஒலிகள் பல சேர்ந்து பளிச்சென ஒலிக்கின்றது. தேங்காய் ஓடு வன்மை உடையது. ஆயினும் இரும்பைப் போல நரம்பை அறுப்பதில்லை. தெளிவும் தருகிறது, கனிவும் தருகிறது. சரோத் மேதைகள் அதனை விரும்பியது இக்குணம் பற்றியே.

மைஹர் அரண்மனையில் வாழ்ந்த அலாவுதீன் கான், குவாலியர் அரண்மனையில் வாழ்ந்த ஹாபிஸ் அலி கான், உலகெங்கும் புகழ் பெற்ற அலி அக்பர் கான் (1922–2009) ஆகிய பெரியோர் சரோத்தின் மேதைகள். அவர்கள் வளர்த்த மரபில் தேங்காய் ஓடு மன்னர் கொலுமண்டபத்தில் ஏறியது; மாநகர் அரங்குகளில் ஏறியது; கடல் கடந்தும் சென்றது. அதனைக் கண்டு முகம் சுளித்தார் எவரும் இலர்.

அதே தேங்காய் ஓட்டை நம் தமிழ்நாட்டில் என்ன செய்தோம்? தேநீர்க் கடையில் மேல்சாதி என்று சொல்லிக்கொண்டோர்க்குக் கண்ணாடிக் குவளையும், தாழ்த்தப்பட்டோர்க்குச் சிரட்டையும் கொடுத்தோம்! குடித்தவர் தாமே அதனைக் கழுவி வைக்க வேண்டும். அல்லது எறிந்துவிட வேண்டும். சில ஊர்களில் சிரட்டைக்குப் பதிலாகத் தனிக் குவளை வைத்தனர். இரட்டைக் குவளை முறை என்னும் இழிவு இதுவே. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டில் அதற்கெனத் தண்டனைச் சட்டமும் இயற்றப்பட்டது. அதன் பின்னும் பல பத்தாண்டுகள் அவ்வழக்கம் கிராமங்களில் நீடித்ததைக் கள ஆய்வுகள் எடுத்துக்காட்டின. திருவாரூரில் வேறு வாயில். தேநீர்க் கடையில் வேறு குவளை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் மாறியது என்ன?

அரண்மனையில் ஓடு உயர்ந்ததா? தேநீர்க் கடையில் ஓடு தாழ்ந்ததா? ஓடு எங்கும் ஓடே. அதன் வன்மையும் வழவழப்பும் ஈரிடத்தும் ஒன்றே. அதனைக் கொண்டு ஒருவன் இசை செய்தான். மற்றொருவன் இழிவு செய்தான். தீட்டு ஓட்டில் இல்லை என்பதும், அதனை நீட்டிய கையின் எண்ணத்தில்தான் இருந்தது என்பதும் இதனால் விளங்கும்.

மைஹரைப் பற்றி மற்றொரு செய்தியும் இங்குக் கூறத்தக்கது. 1918ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டபின், ஆதரவற்றுத் திரிந்த அநாதைச் சிறுவர்களைத் திரட்டி அலாவுதீன் கான் ஓர் இசைக்குழு அமைத்தார். பழைய துப்பாக்கிக் குழாய்களை அளவாக வெட்டி, தட்டி வாசிக்கும் கருவி ஒன்றையும் அக்குழுவிற்குச் செய்து தந்தார். உயிர் குடித்த இரும்பு இசை பாடியது. எடுத்து வளர்ப்பார் இல்லாத பிள்ளைகள் இசைவாணர் ஆயினர். பொருளுக்கும் மனிதனுக்கும் பிறப்பால் விதித்த இடம் ஒன்று இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

இறகும் கொம்பும்

நாம் வாழும் மலேசியாவில் மலாய் மக்கள் சப்பின் ஆடலுக்கு வாசிக்கும் காம்புஸ், அரபு நாட்டு ஊத் என்னும் கருவியின் வழிவந்தது. ஊத் மீட்டும் பொருளுக்கு அரபு மொழியில் 'ரீஷா' என்று பெயர். அச்சொல்லுக்கு இறகு என்பதே பொருள். கழுகின் இறகுத் தண்டை மெல்லியதாகச் சீவி மீட்டிய காலத்தின் நினைவு அப்பெயரில் நிற்கிறது. பின்னர்க் கொம்பு வந்தது. அதன் பின்னர்ப் பிளாஸ்டிக் வந்தது. மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையை வெட்டி மீட்டியாகக் கொள்வோரும் இன்று உளர். ஐரோப்பியச் செல்வர் மாளிகைகளை அழகு செய்த ஹார்ப்சிகார்டு என்னும் பெருங்கருவிக்குள்ளும் காக்கை இனப் பறவைகளின் இறகு முள்ளே நரம்பைத் தெறித்தது. நாம் பிண்டம் வைத்துக் கூவி அழைக்கும் காக்கையை அவர்கள் இன்னிசைக்கு அழைத்தனர்!

ஒகினாவாத் தீவினர் சன்ஷின் என்னும் மூன்று நரம்புக் கருவியை எருமைக் கொம்பால் செய்த மீட்டியை விரலில் செருகி வாசிப்பர். அது ஜப்பானுக்குச் சென்று ஷாமிசென் ஆயிற்று. அங்குச் செல்வர் அகன்ற மீட்டியை யானைத் தந்தத்தாலும் ஆமை ஓட்டாலும் செய்தனர். எளியோர் மரத்தால் செய்தனர். 1945ஆம் ஆண்டுப் போரில் ஒகினாவா அழிந்து, மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தபோது கருவி செய்ய மரமும் இல்லை, தோலும் இல்லை. அவர்கள் அமெரிக்கப் படையினர் எறிந்த உணவுத் தகரக் குவளையை உடலாகவும், கட்டில் மரத்தைத் தண்டாகவும், வான்குடைக் கயிற்றை நரம்பாகவும் கொண்டு சன்ஷின் செய்து பாடினர். வீடும் உறவும் இழந்த மக்கள் முதலில் தேடிக்கொண்ட பொருள்களுள் ஒன்று இசை. வயிற்றுக்கு ஈந்தபின் மிஞ்சிய தகரமே அவர்கள் செவிக்கும் ஈந்தது.

ஆமை ஓட்டால் நேர்ந்த தீங்கையும் மறைத்தல் கூடாது. அழுங்காமை என்னும் கடலாமையின் ஓடு, வளைந்தும் ஒடியாத தன்மையால் மீட்டிக்கு மிக ஏற்றதாயிற்று. சீப்புக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஏற்றதாயிற்று. அதனால் அவ்வுயிரினமே அழியும் நிலை எய்தியது. 1973ஆம் ஆண்டில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் 1977இல் அதன் ஓட்டு வாணிகம் தடை செய்யப்பட்டது. மலாக்காவுக்கு அருகிலுள்ள உப்பே தீவு அவ்வாமை முட்டையிடும் கடற்கரைகளுள் ஒன்று. மீட்டிக்கு மாற்றுப் பொருளோ அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. யானைத் தந்தத்துக்குப் பதிலாகப் பந்து செய்வதற்கென 1870ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் செய்யப்பட்ட செல்லுலாய்டு தகட்டிலிருந்து, 1922ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டி'ஆந்திரியா என்பவர் கிட்டார் மீட்டிகளை வெட்டி விற்கத் தொடங்கினார். அறிவு முயன்றால் ஓர் உயிரை வதைக்காமலே இசை செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

ஆறு பென்னிக் காசு

செல்லுலாய்டும் நைலானும் கடைதோறும் மலிந்த காலத்திலும் ஒருவர் அவற்றை ஒதுக்கினார். இங்கிலாந்தின் 'குயின்' இசைக்குழுவைச் சேர்ந்த பிரையன் மே என்பவர் அவர். 1963ஆம் ஆண்டில் சிறுவனாயிருந்தபோது, கடையில் கிட்டார் வாங்கப் பொருள் போதாமையால், தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்புச் சட்டத்தின் மரம். சுருள்வில்லுக்கு மோட்டார் சைக்கிளின் உறுப்பு. குறியிடத் தாயின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான். பிடிக்கு மிதிவண்டிப் பை மாட்டும் இரும்பு. அக்கருவியை அவர் மீட்டியது ஆறு பென்னிக் காசால்!

1551ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் வழங்கிவந்த அக்காசு 1980இல் செல்லாக் காசாயிற்று. ஆயினும் அவர் அதனைக் கைவிடவில்லை. வளையாத காசானபடியால் நரம்பின் ஒவ்வோர் அசைவும் விரலுக்குத் தெரிகிறது. அதன் விளிம்பிலுள்ள பற்கள் நரம்பை உரசி ஒலிக்கு ஒரு கரகரப்பைத் தருகின்றன. 1993ஆம் ஆண்டில் அவர் இசைச் சுற்றுலாவுக்கென அவர் தலை பொறித்த காசுகளே அச்சிடப்பட்டன. செல்லாக் காசு என்று ஒருவரை இகழ்வது நம் வழக்கு. செல்லாக் காசும் தகுந்த கையில் பாடும் என்பதை அக்கலைஞர் காட்டினார்.

தோட்டத்துக் கத்தி

இதுகாறும் அரண்மனையையும் அரங்கையும் கண்டோம். இனித் தோட்டத்துக்குச் செல்வோம். அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாகவும் பின்னர்க் கடனாளிக் குடியானவராகவும் உழைத்த கறுப்பு மக்களிடம் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துச் சுவரில் ஆணியடித்துக் கட்டினர். அடியில் ஒரு புட்டியைச் செருகி நாணேற்றினர். ஒற்றை நரம்புக் கருவி பிறந்தது. புட்டியின் கழுத்தையும் பேனாக்கத்தியையும் நரம்பின்மேல் வழுக்கி அழுகையையும் சிரிப்பையும் எழுப்பினர். 1903ஆம் ஆண்டில் மிசிசிப்பி நாட்டு டட்வைலர் இரயில் நிலையத்தில், கந்தையுடுத்த கறுப்பர் ஒருவர் கிட்டார் நரம்பில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் இசைவாணர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவ்வாறு பிறந்து வளர்ந்த 'புளூஸ்' இசையே இருபதாம் நூற்றாண்டின் மேலைநாட்டு இசையைப் பெரிதும் மாற்றியது. பிரையன் மேயின் காசுக்கு முன்னோடி அக்கத்தியே எனின் மிகையாகாது.

பருத்தித் தோட்டத்தின் கதை ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்குப் புதிதன்று. மலாயாவில் சிறுதோட்டக்காரர் பலர் ரப்பர்ப் பால் பிடிக்க மரத்தில் கட்டியது தேங்காய்ச் சிரட்டையையே. பெருந்தோட்டங்களில் மங்கு கட்டினர். அப்பாலை எடுத்தோர் லயங்களில் உறுமியும் தப்பும் உடுக்கையும் கேட்டே வளர்ந்தனர். சாதியையோ கப்பலேறும்போது கரையில் விட்டுவரவில்லை. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பேசியதும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கியதும் அவ்விழிவை அகற்றும் பணியின் பகுதிகளே.

பொருளைக் கொண்டு மனிதனைத் தாழ்த்தும் வழக்கம் சாதியினிடம் மட்டும் இருந்ததன்று, தோட்டத்துரைமாரிடமும் இருந்தது. மிதிவண்டி ஏறிச் செல்லும் தொழிலாளி, துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும்! 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் கள்ளுக்கடை ஒழிப்போடும் அக்கட்டாயத்தை ஒழிக்குமாறும் கேட்டனர். படை வந்தது, தொழிலாளர் உயிர்கள் பலியாயின. மிதிவண்டியின் ஓர் இரும்புத் துண்டு ஒரு நாட்டில் கிட்டாரின் பிடியாகி இசை வளர்த்தது. அதே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமைக்காக நம் முன்னோர் இம்மண்ணில் குருதி சிந்தினர். இருக்கையில் அமர்ந்து செல்லும் மதிப்பை அவர்கள் ஒரு சிறு பொருளாக எண்ணவில்லை.

இன்று செய்யத்தக்கது

சுங்கை வே வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடத்தில் 1970களில் தொழிற்பேட்டை எழுந்தது, நெடுஞ்சாலைகள் வந்தன. லயத்தில் வாழ்ந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். பிரிக்பீல்ட்ஸில் இசையும் நடனமும் கற்பிக்கும் நிலையங்கள் செழித்திருக்கின்றன. அங்கே பிள்ளையை அனுப்ப வசதியுடையோர் அனுப்புக, நன்றே. ஆயின் வீணை வாங்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இசை இல்லை என்று விட்டுவிடலாமா? ஆயனுக்குக் குமிழங்கொம்பும், ஒகினாவியனுக்குத் தகரக் குவளையும், கறுப்பு உழைப்பாளிக்குத் துடைப்பக் கம்பியும் போதுமாயிருந்தன அல்லவா?

இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் கைத்தொழில் வகுப்பிலேனும் பிள்ளைகள் தம் கையால் ஒரு நரம்புக் கருவி செய்யக் கற்பிக்கலாம். தமிழ்நாட்டுத் திருவிழாக்களிலும் கடற்கரையிலும் கொட்டாங்கச்சிப் பிடிலைத் தோளில் தொங்கவிட்டு வாசித்து விற்போர் உண்டு. மூங்கில் குச்சியும், தேங்காய் ஓடும், கம்பியும் சேர்ந்தால் அது உருவாகும். மீந்த ஓட்டில் ஒரு சில்லை அறுத்துத் தேய்த்தால் மீட்டி கிடைக்கும். ஓட்டால் மீட்டும் ஒலியும், நகத்தால் மீட்டும் ஒலியும், காசால் மீட்டும் ஒலியும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்கும் பிள்ளைக்கு அறிவியலும் அங்கேயே தொடங்கிவிடும். செலவு சில காசுகளே.

அப்பிள்ளைக்கு அவ்வோட்டின் மற்றொரு வரலாற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். இதே ஓட்டில் தேநீர் ஊற்றி நம்மவரே நம்மவரை இழிவு செய்தனர் என்று மறையாமல் சொல்லுங்கள். மணப்பேச்சின்போது மட்டும் சாதியைக் கேட்கும் பெரியோர் இவ்வூரிலும் உளர். வீட்டில் வீணையை வைத்து வணங்கிக்கொண்டே அவ்வினாவைக் கேட்போரும் உளர். குழந்தை தன் கையால் அறுத்துத் தேய்த்த ஓட்டுச் சில்லை அவர்கள் முன் வைத்து, "தாத்தா, இதில் தீட்டு எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்கட்டும். அதற்கு விடை கூற முடியாதார், மணப்பேச்சில் அவ்வினாவை இனி எழுப்பாதிருப்பாராக.